"விடுவிக்க இயலாது": ரயில்வே வாரியத் தலைவருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ரயில்வே வாரியத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். தண்டவாளப் பராமரிப்பில் முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கடைசிப் பதினெட்டு ஆண்டுகள் பி.வே சூப்பர்வைசராக, அதாவது ஒரு பகுதித் தண்டவாளத்துக்கும் அதில் வேலை செய்கிற ஆட்களுக்கும் பொறுப்பாளராக இருந்தேன். பழைய ஆட்கள் இன்னமும் பி.டபிள்யூ.ஐ என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தக் கோட்டம், எந்த செக்‌ஷன் என்று எழுதப் போவதில்லை. எழுதினால் இது அந்த ஊரைப் பற்றிய புகாராகிவிடும். அங்கே இப்போது வேலை பார்க்கிற பையன்களுக்கு விளக்கம் கேட்டு மெமோ போகும். அது வேண்டாம்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

ரிஃப்ரெஷர் கோர்ஸுக்கு ஆள் அனுப்பச் சொல்லி அவ்வப்போது பட்டியல் வரும். யாருக்கெல்லாம் கெடு முடிந்துவிட்டது, எந்தத் தேதியில் எந்தப் பயிற்சிப் பள்ளியில் ஆஜராக வேண்டும் என்று பெயர் வாரியாக இருக்கும். அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு மஸ்டர் ரோலை, அதாவது ஆட்களின் வருகைப் பதிவைப் பார்ப்பேன். பத்து பெயர் கேட்டிருப்பார்கள். பத்து பேரை அனுப்பினால் மறுநாள் காலை லைனில் நடக்க ஆள் இருக்காது. அதனால் ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதி அனுப்புவேன். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "ஆள் பற்றாக்குறை. விடுவிக்க இயலாது."

எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. பெரிய குற்றமாகவும் அப்போது தோன்றவில்லை. எல்லாரும் அப்படித்தான் எழுதினார்கள்.

அப்படி மூன்று முறை நான் அனுப்பாமல் விட்ட ஒரு கீமேன் (தினமும் லைனில் நடந்து தண்டவாளத்தைச் சோதிப்பவர்), இரட்டைப் பாதையில் வேலை செய்துகொண்டிருந்தபோது வண்டி வருவதைப் பார்த்து ஒதுங்கினார். ஒதுங்கிப் போய் நின்றது பக்கத்துப் பாதையில். அதிலும் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு வண்டி வந்துகொண்டிருந்தது. முதல் வண்டியின் இரைச்சலில் இரண்டாவது வண்டியின் சத்தம் அவர் காதில் விழவில்லை. கூட இருந்த வயதான மேட், அதாவது குழுத் தலைவர், சட்டையைப் பிடித்து இழுத்து ஜல்லியில் உருட்டிவிட்டார். முழங்கையில் தோல் உரிந்ததோடு போயிற்று. தண்டவாளத்தில் வேலை செய்கிறவர்கள் சாவது பெரும்பாலும் இப்படித்தான். வண்டி வந்தால் இரண்டு பாதையையும் விட்டு ஓரத்துக்குப் போ என்பது முதல் நாள் சொல்லித்தர வேண்டிய பாடம். திரும்பத் திரும்பச் சொன்னால்தான் அது உடம்பில் ஏறும். சொல்லித்தர ஏற்பாடு இருந்தது. நான்தான் அனுப்பவில்லை.

ஆள், பயிற்சி, தளவாடம் என்று மூன்றையும் மூன்று கோப்புகளாக உங்கள் அலுவலகத்தில் பார்ப்பீர்கள். ஆளை நிர்வாகப் பிரிவு பார்க்கும், பயிற்சியை இன்னொரு பிரிவு, சாமானை ஸ்டோர்ஸ். லைனில் இந்த மூன்றும் ஒரே முடிச்சு. ஆள் குறைந்தால் இருப்பவரைப் பயிற்சிக்கு விடுவிக்க முடியாது. சாமான் வந்து இறங்கினால் அதைப் பொருத்த ஆளோ, பொருத்தத் தெரிந்த ஆளோ இருப்பதில்லை. ஒரு நுனியை மட்டும் பிடித்து இழுத்தால் முடிச்சு இன்னும் இறுகும். நான் எழுத வந்தது இதைப் பற்றித்தான்.

2023 ஜூன் மாத நிலவரமாக, தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிய ஒரு பதில் அப்போது செய்தியில் வந்தது. மொத்தக் காலியிடம் ஏறத்தாழ 2.74 லட்சம். அதில் பாதுகாப்புப் பிரிவில் மட்டும் 1.7 லட்சத்துக்கும் மேல். பாதுகாப்புப் பிரிவு என்றால் தண்டவாளம், சிக்னல், லோகோ பைலட், பாயின்ட்ஸ்மேன், ஸ்டேஷன் மாஸ்டர் போன்றவர்கள். இவர்களில் ஒருவர் இல்லையென்றால் அந்த வேலை இல்லாமல் போய்விடுவதில்லை. பக்கத்து ஆளின் தலையில் ஏறுகிறது.

எப்படி ஏறுகிறது என்று ஒரு கீமேனை வைத்துச் சொல்கிறேன். அவருக்கு ஒரு பீட், அதாவது நடந்து பார்க்க வேண்டிய பகுதி, உண்டு. தோராயமாக ஆறு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிலோமீட்டருக்கு 1,660 கான்கிரீட் கட்டை, தண்டவாளத்தைப் பிடித்து வைக்கக் கட்டைக்கு நாலு கிளிப், ஆக 6,640. ஆறு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 40,000 கிளிப். தோளில் சுத்தியல், ஸ்பேனர், இரண்டு கொடி, ஆபத்தில் வண்டியை எச்சரிக்கத் தண்டவாளத்தில் வைக்கும் பட்டாசு, மாற்று கிளிப், கிளிப்புக்கு அடியில் வைக்கும் லைனர். வெயிலோ மழையோ தினமும் நடக்க வேண்டும். நல்ல கீமேன் எல்லா கிளிப்பையும் பார்க்க மாட்டார், பார்க்கவும் முடியாது. எந்த வளைவில் கிளிப் நழுவும், எந்த வெல்டிங்கில் போன மாதம் சந்தேகம் இருந்தது, எந்த மண்மேடு மழைக்கு உட்காரும் என்று அவருக்கு மனப்பாடமாக இருக்கும். அந்த இடங்களில் நின்று பார்ப்பார். பக்கத்து பீட்டில் ஆள் இல்லையென்று இரண்டையும் சேர்த்து அவரிடம் கொடுத்தால் கால் பன்னிரண்டு கிலோமீட்டர் நடந்துவிடும். ஆனால் நின்று பார்க்க நேரம் இருக்காது. ரிஜிஸ்டரில் அன்றைக்கும் "பார்த்தாயிற்று" என்றே பதிவாகும். ரிஜிஸ்டரில் எல்லா நாளும் ஒரே மாதிரிதான் தெரியும்.

ஆள் எடுக்காமலா இருக்கிறோம் என்று நீங்கள் கேட்கலாம். எடுக்கிறீர்கள். 2019-இல் கடைநிலைப் பணிகளுக்கு 1,03,769 இடம் என்று அறிவிப்பு வந்தது. ஒரு கோடிக்கும் மேல் விண்ணப்பம். தேர்வு நடந்தது 2022 ஆகஸ்டில் தொடங்கி அக்டோபர் வரை. இடையில் கொரோனா வந்தது உண்மை, ஆனால் மொத்தத் தாமதத்தையும் அதன் தலையில் கட்ட முடியாது. மூன்று ஆண்டுகளில் ஒரு கேங்கில் (தண்டவாளப் பராமரிப்புக் குழுவில்) எத்தனை பேர் ரிட்டயர் ஆவார்கள் என்பது ஜோசியம் பார்த்துத் தெரிந்துகொள்கிற விஷயமா? பிறந்த தேதி சர்வீஸ் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது.

லோகோ பைலட் கதை இன்னும் வேடிக்கை. 2024 ஜனவரியில் உதவி லோகோ பைலட் 5,696 இடம் என்று அறிவித்தீர்கள். ஜூன் 17-ஆம் தேதி மேற்கு வங்கத்தில் கஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸ் மீது சரக்கு ரயில் மோதியது. அடுத்த ஓரிரு நாளில் 5,696 என்பது 18,799 ஆனது. ஐந்து மாதத்தில் பதின்மூன்றாயிரம் பேருக்கான வேலை புதிதாக முளைத்ததா? தேவை ஜனவரியிலும் அவ்வளவுதானே இருந்திருக்கும்? இந்தக் கேள்விக்கு வாரியத்திலிருந்து யாரும் பதில் சொன்னதாக எனக்கு நினைவில்லை. அதே கோடையில் தென்னகத்து லோகோ பைலட்டுகள், 16 மணி நேர ஓய்வோடு 30 மணி நேர வார ஓய்வையும் சேர்த்துக் கொடுங்கள் என்று போராட வேண்டியிருந்தது. ரயில் ஓட்டுகிறவன் தூங்க நேரம் கேட்டுப் போராடுகிறான் என்றால் ஆள் கணக்கு எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று அதிலேயே தெரியும்.

எடுத்த ஆட்களும் லைனில்தான் இருந்தார்களா? 2017-இல் வாரியமே ஓர் உத்தரவு போட்டது. அதிகாரிகள் வீட்டில் வேலை செய்யும் ஊழியர்களை உடனே பணியிடத்துக்குத் திருப்பி அனுப்புங்கள் என்றது. சுமார் 30,000 டிராக்மேன்கள் அப்படி வீடுகளில் இருப்பதாக அப்போது செய்தி வந்தது. உங்களுக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவரைப் பாராட்ட வேண்டிய உத்தரவு அது. நாங்கள் கேங் ஹட்டில் உட்கார்ந்து அந்தச் செய்தியைப் படித்தபோது ஒரு பெரியவர், "அப்போ பங்களா தோட்டத்துக்கு யாரு தண்ணி ஊத்துவா?" என்று கேட்டார். சிரித்தோம். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இப்போது கடைநிலைப் பணிக்கு வருகிற பையன்களில் பொறியியல் படித்தவர்கள், எம்.எஸ்சி முடித்தவர்கள் எத்தனையோ பேர். அடிப்படைச் சம்பளம் 18,000 ரூபாய், மத்திய அரசு வேலை, வீட்டில் சந்தோஷம். முதல் வாரம் கடப்பாரையைப் பிடித்ததும் உள்ளங்கை கொப்பளிக்கும். இரண்டாவது மாதத்திலிருந்து வேறு தேர்வுக்குப் படிக்கத் தொடங்குவார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் அவர்கள் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்வேன். ஆனால் தண்டவாளத்தின் காதும் கண்ணும் ஒரு பையனுக்கு வர மூன்று மழைக்காலமாவது வேண்டும். இரண்டாவது மழைக்கு முன்னால் அவன் போய்விட்டால், சொல்லிக்கொடுத்த மேட் மறுபடி முதல் பாடத்திலிருந்து தொடங்க வேண்டும். அந்த மேட்டுக்கும் ரிட்டயர்மென்ட் நெருங்கியிருக்கும்.

பயிற்சி பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நமக்குப் பயிற்சிப் பள்ளிகள் இல்லாமல் இல்லை. திருச்சியில் மண்டலப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, ஆவடியில் மின்சார லோகோ பயிற்சி மையம், செகந்திராபாத்தில் சிக்னல்காரர்களுக்குத் தேசிய அளவில் ஒரு கல்லூரி, புனேயில் சிவில் எஞ்சினியர்களுக்கு ஒன்று. ஆசிரியர்களும் நல்லவர்கள். என் காலத்தில் நான் படித்ததில் பாதி அங்கே படித்ததுதான். பள்ளியின் தரத்தைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. அதன் வாசலுக்கு ஆள் போய்ச் சேர்வதில்லை என்பதுதான் என் குறை.

மேலே சொன்ன கஞ்சன்ஜங்கா விபத்தைப் பாருங்கள், ரங்காபாணி பக்கம் நடந்தது. அன்று அதிகாலையிலிருந்து ரங்காபாணிக்கும் சத்தர்ஹாட்டுக்கும் இடையே தானியங்கி சிக்னல்கள் பழுது. பழுதான சிக்னல்களைக் கடந்து போக டிரைவர்களுக்கு டி/ஏ 912 என்ற படிவம் எழுதிக் கொடுக்கப்பட்டது. எவ்வளவு வேகத்தில் போக வேண்டும் என்பது அந்தப் படிவத்தில் இல்லை. கஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸை ஓட்டியவர் ஒவ்வொரு சிவப்பிலும் ஒரு நிமிடம் நின்று, மெதுவாக ஊர்ந்து போனார். அந்தக் காலையில் அதே பாதையில் நுழைந்த மற்ற வண்டிகளின் டிரைவர்கள் ஆளுக்கொரு வேகத்தில் போயிருக்கிறார்கள். அதாவது ஒரே காகிதத்தை ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரிப் புரிந்துகொண்டார்கள். கடைசியில் வந்த சரக்கு ரயில், விதிப்படி போய்க்கொண்டிருந்த வண்டியின் பின்னால் மோதியது. சரக்கு ரயிலின் லோகோ பைலட் உட்பட 10 பேர் இறந்தார்கள்.

சிக்னலை மதிக்காமல் வந்துவிட்டார் என்று அன்றைக்கே இறந்துபோனவர் மேல் பழி விழுந்தது. அதைச் சொன்னது ரயில்வே வாரியம். உடல் சூடு ஆறவில்லை. பிறகு வந்த ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை வேறு மாதிரி சொன்னது. தானியங்கி சிக்னல் பகுதியில் எப்படி வண்டி ஓட்ட வேண்டும், எப்படி ஓட்டவிட வேண்டும் என்று லோகோ பைலட்டுகளுக்கும் ஸ்டேஷன் மாஸ்டர்களுக்கும் போதுமான பயிற்சி இல்லை. இது நடக்கக் காத்திருந்த விபத்து. வாக்கி டாக்கி போன்ற அத்தியாவசியக் கருவிகள் வண்டி ஊழியர்கள் கையில் இல்லாததையும் அந்த அறிக்கை குறித்தது. அதற்கு எட்டு மாதம் முன்னால், 2023 அக்டோபர் 29-ஆம் தேதி, விஜயநகரம் மாவட்டத்தில் கண்டகப்பள்ளி பக்கம் இரண்டு பாசஞ்சர் ரயில்கள் மோதியதும் பழுதான தானியங்கி சிக்னலைக் கடந்து போனபோதுதான். ஒரே பாடத்தில் இரண்டு முறை தோற்றிருக்கிறோம்.

பாலசோர் சமாசாரமும் இதே ரகம். 2023 ஜூன் 2. ஷாலிமாரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் பஹானகா பஜார் நிலையத்தில் லூப் லைனுக்குள் (நிலையத்தின் பக்கப் பாதைக்குள்) போய், நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. 290-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். லெவல் கிராசிங் வேலைக்காக சிக்னல் சர்க்யூட்டில் செய்த மாற்றங்களில் தவறு, பெட்டிக்குள் ஒயர்களின் பெயர்க்குறி தவறு என்று பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை சொன்னது. 2022 மே 16-ஆம் தேதி அதே கரக்பூர் கோட்டத்தில் பாங்க்ராநயாபாஸ் நிலையத்தில் இதே மாதிரித் தவறான ஒயரிங்கால் ஒரு சம்பவம் நடந்திருந்தது. அதிலிருந்து கற்றிருந்தால் இது நடந்திருக்காது என்றும் அந்த அறிக்கையே எழுதியது. கைதானவர்கள் மூன்று பேர், மூவரும் கீழ்மட்டத்தில் வேலை பார்த்தவர்கள். அவர்கள் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. 2022 மே மாதத்துப் பாடத்தை நாடு முழுக்க உள்ள சிக்னல் மெயின்டெய்னர்களுக்கு யார் எப்போது நடத்தியிருக்க வேண்டும், ஏன் நடத்தவில்லை என்ற கேள்விக்கு யாரும் கைதாகவில்லை என்றுதான் சொல்கிறேன்.

பயிற்சி என்றால் மனப்பாடம் என்று ஆகிவிட்டதும் ஒரு தொல்லை. லைனில் இடையூறு கண்டால் என்ன செய்வாய் என்று எந்த டிராக்மேனைக் கேட்டாலும் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்: 600 மீட்டரில் ஒரு பட்டாசு, 1,200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று. சரி. ஆனால் கொடியைக் காட்டிக்கொண்டே ஜல்லியில் 1,200 மீட்டர் ஓட எத்தனை நிமிடம் ஆகும் என்று கேளுங்கள். ஐம்பது வயதுக்காரரை, மே மாத மதியத்தில், ஒருமுறையாவது ஓடவிட்டுப் பார்த்திருக்கிறோமா? நான் பார்த்ததில்லை. ஓடிப் பார்த்தால்தான் கடிகாரத்துக்கும் காலுக்கும் உள்ள தூரம் புரியும்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும், இதை யாரும் அரசியலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2019 மே மாதம் திருமங்கலத்துக்கும் கள்ளிக்குடிக்கும் இடையே ஒரே பாதையில் இரண்டு ரயில்கள் எதிரெதிராகப் போகும்படி ஆனது. நல்லவேளை, மோதவில்லை. இரண்டு நிலைய அதிகாரிகளுக்கிடையே பேச்சு சரியாகப் புரியாமல் போனதும் ஒரு காரணம் என்று பேசப்பட்டது. அடுத்த மாதம் இந்தியிலோ ஆங்கிலத்திலோ மட்டும் பேசுங்கள் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெறப்பட்டது. சுற்றறிக்கையும் முடிந்தது, எதிர்ப்பும் முடிந்தது. ராஜஸ்தானிலிருந்தோ பீகாரிலிருந்தோ இங்கே வந்து சேரும் பையனுக்கு நாற்பது நாள் வேலைத்தமிழ் சொல்லிக்கொடுக்கலாமே என்று அந்தச் சத்தத்தில் யாரும் யோசிக்கவில்லை. "வண்டி விட்டாச்சா?", "கேட் சாத்தியாச்சு", "லைன் கிளியர்" என்று ஒரு நூறு வாக்கியம் போதும். கேங்கில் நாங்கள் டீ குடித்துக்கொண்டே சொல்லிக்கொடுப்போம். அவர்களும் எங்களுக்கு இந்தி கற்றுத்தருவார்கள், முதலில் கெட்ட வார்த்தைகளாக.

தளவாடத்துக்கு வருகிறேன். இங்கே ஓர் உதாரணம் போதும், மற்றதெல்லாம் அதற்குள் அடக்கம்.

லைனில் நடக்கிற கீமேனுக்கும் பேட்ரோல்மேனுக்கும் பல கோட்டங்களில் ஜி.பி.எஸ் கருவி கொடுத்தார்கள். அவர் எங்கே நடக்கிறார், எங்கே நின்றார், எவ்வளவு நேரம் உட்கார்ந்தார் என்பது ஆபீஸில் திரையில் தெரியும். நல்ல விஷயம்தான், ஏமாற்றுகிறவர்களும் உண்டு. வண்டி நெருங்குவதை முன்கூட்டியே ஒலியெழுப்பிச் சொல்லும் 'ரக்‌ஷக்' என்ற கருவியும் இருக்கிறது. வயர்லெஸ்ஸில் வேலை செய்வது, உடம்பில் மாட்டிக்கொள்ளலாம். அது இன்னும் பெரும்பாலான பீட்டுகளுக்குப் போய்ச் சேரவில்லை. ஆக, டிராக்மேன் எங்கே இருக்கிறார் என்று அதிகாரிக்குத் தெரிகிறது. வண்டி எங்கே இருக்கிறது என்று டிராக்மேனுக்குத் தெரிவதில்லை. இரண்டில் எதை முதலில் வாங்கியிருக்க வேண்டும்? டீசல் எஞ்சின் காலத்தில் வண்டி வருவது தூரத்திலேயே காதில் விழும். இப்போது மின்சார வண்டிகள் 130 கிலோமீட்டர் வேகத்தில் வருகின்றன. எதிர்க்காற்று அடித்தால் நெருங்கிய பிறகுதான் தெரிகிறது.

பணம் இல்லையா என்றால், அதுவும் இல்லை. 2017-18-இல் பாதுகாப்புக்கென்றே ஐந்தாண்டுக்கு ஒரு லட்சம் கோடி ரூபாய் என்று ராஷ்ட்ரிய ரயில் சன்ரக்‌ஷா கோஷ் தொடங்கினீர்கள். கேட்டபோது எங்களுக்கெல்லாம் வயிறு குளிர்ந்தது. 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைத்த தணிக்கை அறிக்கையைப் பார்த்தால், அந்தப் பணத்தில் கால் பிடித்துவிடும் மசாஜ் கருவி, பீங்கான் பாத்திரம், மேசை நாற்காலி எல்லாம் வாங்கியிருக்கிறார்கள். தண்டவாளம் புதுப்பிக்க ஒதுக்குவது குறைந்திருந்ததையும், கோடிக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய தண்டவாளப் பராமரிப்பு இயந்திரங்கள் பிளாக் கிடைக்காமல் சும்மா நின்றதையும் அதே அறிக்கை சொன்னது. நாள் முழுக்க ஜல்லியில் நடக்கிறவன் காலுக்கு அந்த மசாஜ் கருவி வந்திருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

பிளாக் என்பது வெளியாட்களுக்குப் புரியாது என்பதால் ஒரு வரி: வண்டி விடாமல் நிறுத்தி, பாதையை எங்களிடம் வேலைக்குக் கொடுக்கும் நேரம். அதைக் கொடுக்க வேண்டியது ஆபரேட்டிங் பிரிவு. கால அட்டவணையில் வண்டிக்கு மேல் வண்டி சேர்த்துக்கொண்டே போனால் எங்கே இருந்து கொடுப்பார்கள்? சாமான் வந்திருக்கும் நாளில் பிளாக் இருக்காது. பிளாக் கிடைத்த நாளில் வெல்டர் வேறு செக்‌ஷனில் இருப்பார். இரண்டும் இருக்கும் நாளில் ஆள் பத்தாது. மூன்றும் சேர்ந்து அமைவது அமாவாசையும் வெள்ளிக்கிழமையும் சேர்வதைவிட அபூர்வம். புது லைனர் மூட்டை ஸ்டேஷன் ஓரத்தில் கிடந்து அதன் மேல் புல் முளைத்ததைப் பார்த்திருக்கிறேன். கணக்கில் அது "வழங்கப்பட்டது".

2025 ஜூலை 8-ஆம் தேதி கடலூர் செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகள் இறந்தார்கள். இன்டர்லாக்கிங் இல்லாத கேட். இரண்டு நாளில் பதினோரு அம்சத் திட்டம் அறிவிக்கப்பட்டது. எல்லா கேட்டிலும் கேமரா, தினமும் குரல் பதிவுகளைச் சோதிப்பது, 10,000 டி.வி.யு (ஒரு நாளில் கேட்டைக் கடக்கும் ரயில்களை வாகனங்களோடு பெருக்கிய எண்) தாண்டிய கேட்டுகளுக்கெல்லாம் இன்டர்லாக்கிங் என்று. முன்பு அந்த வரம்பு 20,000. இன்டர்லாக்கிங்குக்கு நன்றி, அது உண்மையான மருந்து: கேட் மூடாமல் சிக்னல் விழாது. கேமராவைப் பற்றி எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. கேட்கீப்பர் வேலையை "இடைவிட்ட வேலை" என்று வகைப்படுத்தி 12 மணி நேர ஷிஃப்ட் போடும் வழக்கம் இன்னும் பல கேட்டுகளில் இருக்கிறது. வாரத்துக்கு 72 மணி நேரம். வண்டி குறைவாக ஓடிய காலத்தில் போட்ட வகைப்பாடு அது. எட்டு மணி நேரமாக்கினால் கேட்டுக்கு ஓர் ஆள் கூடுதலாக வேண்டும். அவருக்கு வார ஓய்வு கொடுக்க ரெஸ்ட் கிவர், லீவு கொடுக்க எல்.ஆர் என்கிற மாற்று ஆள். ஆள் போடுவதைவிடக் கேமரா மலிவு. கணக்குப் பிரிவுக்கு இது நன்றாகத் தெரியும்.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்கிறேன். பெரிய ரயில் விபத்துகள் 2014-15-இல் 135 இருந்தது, 2024-25-இல் 31 ஆகக் குறைந்திருக்கிறது. அகலப்பாதையில் ஆளில்லா லெவல் கிராசிங் 2019 ஜனவரியோடு ஒழிந்தது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது இதெல்லாம் நடக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். இதைச் செய்தவர்களுக்கு வணக்கம். ஆனால் தண்டவாளத்தில் வேலை செய்யும்போது வண்டி மோதிச் செத்துப்போகும் டிராக்மேன் இந்த 31-க்குள் வரமாட்டார். அவருக்கு வேறு தலைப்பு, ஆட்கள் அடிபடும் சம்பவங்களோடு சேர்த்து. 135 ஆக இருந்தாலும் 31 ஆக இருந்தாலும் அவர் வீட்டு வாசலில் போடும் பந்தல் ஒன்றுதான்.

வண்டிகள் மோதாமல் தானாகவே பிரேக் போடும் கவச் கருவி வருகிறது, அதுவும் வரட்டும். அதைப் பராமரிக்கவும் சிக்னல் ஆட்கள் வேண்டும், அவர்களுக்கும் பயிற்சி வேண்டும், அவர்கள் கையிலும் மாற்று உதிரிபாகம் இருக்க வேண்டும். மறுபடியும் அதே முடிச்சு.

காலியிடங்களை நிரப்புங்கள் என்று 2012-இல் ரயில் பாதுகாப்பை ஆராய்ந்த அனில் ககோட்கர் குழு சொல்லியாயிற்று. நான் புதிதாக அதைச் சொல்லி என்ன ஆகப் போகிறது? ஓய்வு பெற்றவர்களை ஒப்பந்தத்தில் திரும்பக் கூப்பிடுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். என் முழங்கால் ஒத்துக்கொள்ளாது. அதனால் ஒரே ஒரு கோரிக்கை வைக்கிறேன்.

ஒவ்வொரு செக்‌ஷன் ஆபீஸ் வாசலிலும், ஒவ்வொரு கேங் ஹட்டிலும், ஸ்டேஷன்களில் பயணிகள் பார்க்கும் இடத்திலும் ஒரு கரும்பலகை வையுங்கள். மாதம் ஒருமுறை அதில் மூன்று விஷயம் எழுத வேண்டும். ஆள்: அனுமதிக்கப்பட்டது எவ்வளவு, சம்பளப் பட்டியலில் எவ்வளவு, இன்று காலை வேலைக்கு வந்தது எவ்வளவு. மூன்றும் தனித்தனியாக வேண்டும், ஏனென்றால் சூட்சுமம் மூன்றாவதில்தான் இருக்கிறது. பயிற்சி: கெடு தாண்டியவர் எத்தனை பேர், "விடுவிக்க இயலாது" என்று திருப்பி அனுப்பியது எத்தனை முறை. சாமான்: இன்டென்ட் (சாமான் கேட்கும் படிவம்) போட்டு மூன்று மாதம் ஆகியும் கைக்கு வராதது எவை. வண்டி எத்தனை நிமிடம் தாமதம் என்று மின்னணுப் பலகையில் காட்டுகிறோம். இதையும் காட்டுவோமே. சொந்தக் கையால் மாதாமாதம் அந்தப் பலகையில் எழுத வேண்டும் என்று இருந்தால், என்னைப் போன்ற சூப்பர்வைசர் அந்த இரண்டு வரியை அவ்வளவு சுலபமாக எழுதியிருக்க மாட்டான். மேலே இருப்பவர்களும் அதைப் படிக்காத மாதிரி இருந்திருக்க முடியாது. ரகசியம் போய்விடும் என்பீர்கள். எதிரி நாட்டுக்காரன் வந்து எங்கள் கேங்கில் லைனர் எத்தனை என்று எண்ணப் போவதில்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் நம் நாட்டு எம்.பி.க்கள்தான், அவர்களும் ரயிலில்தான் போகிறார்கள், எப்போதாவது.

நான் ஓய்வு பெற்ற மாதம் என் கேங் ஒன்றில் அப்படியொரு பலகை இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். அனுமதிக்கப்பட்டது 15, பட்டியலில் 11, காலையில் லைனில் 7. பயிற்சிக் கெடு தாண்டியவர் 5. இன்டென்ட் போட்டு வராதவை: மழைக்கோட்டு ஆறு, டார்ச் பேட்டரி, சிவப்புக் கொடி நாலு. கையில் இருந்த கொடிகள் வெயிலில் வெளுத்து ரோஸ் நிறத்துக்கு வந்திருந்தன.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பி.வே சூப்பர்வைசர் ஒருவர்